ஹிப் ஹாப்பின் தொடக்கமும் கலப்பிசையைத் தேடும் வழிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹிப் ஹாப்பை இப்போதுதான் கேட்கத் தொடங்கியிருப்பவர்களும், பல ஆண்டுகளாகக் கேட்டும் அதன் பூர்வீகத்தை அறியாதவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. பதில்களில் என் கருத்தும் கலந்திருக்கிறது. ஹிப் ஹாப் முதலில் ஒரு கேட்கும் முறையாகத்தான் தொடங்கியது, பாடும் முறை பிறகுதான் வந்தது என்பது என் உறுதியான எண்ணம். அதைப் பிடித்துக்கொண்டால் புதிய இசையைத் தேடும் வழியும் தானாகத் திறக்கும்.

ஹிப் ஹாப் எங்கே, எப்போது பிறந்தது?

1973 ஆகஸ்ட் 11 இரவு, நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற முகவரியில் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில். பள்ளி திறப்பதற்கு முன் புதுத் துணி எடுக்கப் பணம் சேர்ப்பதற்காக சிண்டி கேம்பல் என்ற பெண் அங்கே ஒரு நடன விருந்தை ஏற்பாடு செய்தார். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம். அழைப்பிதழ்களைச் சிறு அட்டைகளில் கையாலேயே எழுதிக் கொடுத்தார்கள். அன்று இசைத்தட்டுகளைச் சுழற்றியவர் அவருடைய அண்ணன் கிளைவ் கேம்பல், வயது 18. உலகம் அவரை டிஜே கூல் ஹெர்க் என்று அறிகிறது.

ஒரே இரவில், ஒரே அறையில் ஓர் இசை வகை பிறந்துவிடுமா?

பிறக்காது. அந்தத் தேதி ஒரு வசதியான அடையாளம். ஹெர்க் தன் உத்தியை அதற்குப் பிந்தைய மாதங்களிலும் ஆண்டுகளிலும்தான் செம்மைப்படுத்தினார். அதே காலத்தில் நியூயார்க்கின் இன்னொரு பகுதியான ஹார்லெமின் டிஸ்கோ அரங்குகளில் டிஜே ஹாலிவுட் என்பவர் தாளத்தோடு இழைந்து எதுகை மோனையாகப் பேசிக் கூட்டத்தை ஆட்டிக்கொண்டிருந்தார். அதற்கும் முன்பே கறுப்பின வானொலி அறிவிப்பாளர்கள் பாட்டுக்குப் பாட்டு நடுவே சந்தத்தில் பேசினார்கள். தி லாஸ்ட் போயட்ஸ் குழுவும் கில் ஸ்காட் ஹெரனும் முழவொலியின் மீது அரசியல் கவிதை சொன்னார்கள். இத்தனை ஓடைகளும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன.

ஆனாலும் அந்த இரவுக்குக் கிடைத்திருக்கும் மரியாதை தகுதியானதுதான். மற்றவர்கள் பாட்டை முழுதாக ஓடவிட்டு அதன்மேல் பேசினார்கள். ஹெர்க் பாட்டுக்குள்ளேயே கையை விட்டு வேண்டியதை மட்டும் எடுத்தார். பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அதுதான் வித்து.

ஏன் பிராங்ஸ்?

நகரத் திட்டமிடலில் அளவற்ற அதிகாரம் வைத்திருந்த ராபர்ட் மோசஸ், 1948 முதல் 1972 வரை கட்டப்பட்ட குறுக்கு பிராங்ஸ் விரைவுச்சாலையை மக்கள் நெருங்கி வாழ்ந்த தெருக்களைப் பிளந்துகொண்டு போகச் செய்தார். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. வசதி உள்ளவர்கள் வெளியேறினார்கள். வீட்டு மதிப்பு சரிந்தபோது, காப்பீட்டுத் தொகைக்காக உரிமையாளர்களே தங்கள் கட்டடங்களுக்குத் தீ வைக்க ஆள் அமர்த்தினார்கள். அதே சமயம் தீயணைப்பு நிலையங்கள் மூடப்பட்டன. 1970களின் நடுவில் நியூயார்க் நகராட்சி திவாலின் விளிம்புக்குப் போய், பள்ளி ஆசிரியர்கள் உள்பட ஏராளமானோரை வேலையிலிருந்து நீக்கியது.

இந்த இடிபாடுகளிலிருந்து இசை தானாக முளைத்தது என்று பலர் எழுதுகிறார்கள். அதை நான் ஏற்பதில்லை. வறுமை இசையைத் தராது, மனிதர்கள்தான் தருவார்கள். பிராங்ஸில் அப்போது கறுப்பின அமெரிக்கர்களும் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களும் ஜமைக்கா, பார்படோஸ் போன்ற கரீபியத் தீவுகளின் குடும்பங்களும் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கினார்கள். ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து கறுப்பினப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன், அடுத்ததிலிருந்து லத்தீன் சல்சா, மேல்மாடியிலிருந்து ஜமைக்காவின் ரெக்கே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தெருக் குழுக்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டிருந்த இடம் அது. 1971இல் கெட்டோ பிரதர்ஸ் குழுவின் சமாதானத் தூதராகச் சென்ற கார்னெல் பெஞ்சமின் என்ற இளைஞர் கொல்லப்பட்டார். பழிவாங்கும் போர் மூளும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அந்தக் குழு அதற்கு மாறாக அந்த டிசம்பரில் ஹோ அவென்யூ சிறுவர் மன்றத்தில் எல்லாக் குழுக்களையும் கூட்டிச் சமாதானம் பேசியது. முழு அமைதி வந்துவிடவில்லை. ஆனால் ஒரு தெருப் பையன் இன்னொரு தெருவில் நடக்கும் நடன விருந்துக்குப் போய்வர முடிந்தது. அந்த நடமாட்டம் இல்லாமல் ஹெர்க்கின் விருந்துகளுக்குக் கூட்டம் சேர்ந்திருக்காது. அந்த கெட்டோ பிரதர்ஸ் ஓர் இசைக்குழுவாகவும் இருந்தார்கள், லத்தீன் தாளத்தோடு ராக் வாசித்துத் தனித்தட்டே வெளியிட்டார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

‘பிரேக்’ என்கிறார்களே, அது என்ன?

கறுப்பின அமெரிக்க இசை வகைகளான ஃபங்க், சோல் பாடல்களில் பாடகரும் மற்ற வாத்தியங்களும் ஒதுங்கி டிரம்ஸும் தாள வாத்தியங்களும் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகள். கர்நாடகக் கச்சேரியின் தனி ஆவர்த்தனத்தை மிகச் சுருக்கியது போன்ற இடம். நடனமாடுகிறவர்கள் அந்த விநாடிகளுக்காகக் காத்திருந்து பாய்வதை ஹெர்க் கவனித்தார். மீதிப் பாட்டில் அவர்கள் ஓரமாக நின்றார்கள். அப்படியானால் அந்த இடத்தை மட்டும் ஏன் நீட்டக்கூடாது?

ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழல்மேசைகளில் வைத்தார். ஒன்றில் பிரேக் முடியும் நேரத்தில் மற்றதில் அதே பிரேக்கின் தொடக்கத்தில் ஊசியை வைத்தார். பத்து விநாடி பல நிமிடங்கள் ஆயிற்று. இதை அவர் ‘மெர்ரி கோ ரவுண்ட்’ என்று அழைத்தார். பிரேக்குக்கு ஆடியவர்கள் பி-பாய், பி-கேர்ள் ஆனார்கள். ஒலிவாங்கியில் நண்பர்களின் பெயர்களை விளித்து உற்சாகப்படுத்திய கோக் லா ராக், பின்னாளைய எம்சிக்களின், அதாவது ஒலிவாங்கியில் ராப் சொல்பவர்களின், முன்னோடி.

ஹெர்க் ஊசியைக் கண்ணளவில் வைத்ததால் மாறுதல்கள் பிசிறடித்தன. அந்தக் குறையைத் தீர்த்தவர் பார்படோஸில் பிறந்து தொழிற்கல்விப் பள்ளியில் மின்னணுவியல் படித்த ஜோசப் சாட்லர், அதாவது கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ். தட்டின் மேல் மெழுகுக் கட்டியால் கோடிட்டு, எத்தனை சுற்றுப் பின்னால் திருப்பினால் பிரேக்கின் தொடக்கம் வரும் என்று கணக்கிட்டார். தட்டு வழுக்கிக்கொண்டு சுழல, அடியில் துணி வட்டு போட்டார். அடுத்த தட்டைக் காதில் மட்டும் கேட்டுச் சரிபார்க்கும் வசதியையும் தானே அமைத்துக்கொண்டார். தாளம் ஒரு மாத்திரைகூடத் தவறாமல் ஓடியது. 1975 வாக்கில், சிறுவனாக இருந்த கிராண்ட் விசார்ட் தியோடர், அம்மா கதவருகே நின்று சத்தத்தைக் குறைக்கச் சொன்னபோது சுழலும் தட்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்திருக்கிறார். அந்தக் கீறல் ஒலி அவருக்குப் பிடித்துப்போனது. ‘ஸ்கிராட்ச்’ அப்படி வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

இசை வகைகளைக் கலப்பது பிற்காலத்தில் வந்த பழக்கம்தானே?

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்லியே ஆக வேண்டும். கலப்பு முதல் நாளிலிருந்தே இருக்கிறது. ஹெர்க்கின் விருந்துகளில் தேசிய கீதம் என்று சொல்லத்தக்க பாட்டு, இன்கிரெடிபிள் பாங்கோ பேண்ட் 1973இல் வெளியிட்ட ‘அப்பாச்சி’. அதன் வரலாற்றைப் பாருங்கள்.

மெட்டை அமைத்தவர் ஜெர்ரி லார்டன் என்ற ஆங்கிலேயர், ஓர் அமெரிக்க கௌபாய்ப் படம் தந்த தூண்டுதலில். 1960இல் பிரிட்டனின் தி ஷாடோஸ் குழு அதை மின்கிட்டாரில் வாசித்துப் பெரும் வெற்றி கண்டது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அமெரிக்கத் தயாரிப்பாளர் மைக்கேல் வைனர் ஒலிப்பதிவுக் கூலிக் கலைஞர்களைச் சேர்த்து ஒரு பெயரளவுக் குழு அமைத்தார். கனடாவின் வான்கூவரில் பதிவு நடந்தது. டிரம்ஸ் வாசித்தவர் ராக் உலகத்தின் ஜிம் கார்டன். பாங்கோ வாசித்தவர் பஹாமாஸ் தீவுகளில் பிறந்த கிங் எரிசன். தட்டு கடைகளில் பெரிதாக விற்கவில்லை. ஆனால் நடுவில் பாங்கோவும் டிரம்ஸும் மட்டும் பேசிக்கொள்ளும் ஒரு நீண்ட பகுதி இருக்கிறது. ஜமைக்காவில் பிறந்த ஒரு பையன் அதைப் பிராங்ஸில் கண்டெடுத்தான்.

ஆங்கிலேயர் மெட்டு, கனடாப் பதிவு, கரீபியக் கைகள், பிராங்ஸ் கால்கள். இதை எந்த வகையில் சேர்ப்பது? ஹெர்க்கின் பெட்டியில் இதற்குப் பக்கத்திலேயே ஜேம்ஸ் பிரவுனும் இருந்தார், பேப் ரூத் என்ற ஆங்கில ராக் குழுவின் ‘தி மெக்சிகன்’ பாட்டும் இருந்தது. அட்டையில் என்ன வகை என்று எழுதியிருந்தது என்பது ஆடுகிறவர்களுக்குப் பொருட்டே இல்லை.

ஜமைக்காவின் பங்கு எவ்வளவு?

ஹெர்க் கிங்ஸ்டனில் பிறந்து 1967இல் பிராங்ஸ் வந்தவர். கிங்ஸ்டன் தெருக்களில் ராட்சத ஒலிபெருக்கிகளை அடுக்கி நடத்தும் ‘சவுண்ட் சிஸ்டம்’ விருந்துகளைச் சிறுவயதில் பார்த்திருந்தார். அடிவயிற்றில் அதிரும் தாழ்சுருதி, போட்டிக் குழுவைவிட ஒரு படி உரக்க ஒலிக்க வேண்டும் என்ற வெறி, தட்டின் பெயர்ச்சீட்டை நீரில் ஊறவைத்து உரித்துவிட்டு எந்தப் பாட்டு என்று பிறர் அறியாதபடி காக்கும் தந்திரம் ஆகிய மூன்றும் அங்கிருந்து வந்தவை. பாட்டின் மேல் பேசும் ‘டோஸ்டிங்’ முறையிலிருந்துதான் ராப் வந்தது என்று சிலர் நேர்கோடு போடுவார்கள். அதை ஹெர்க்கே மறுத்திருக்கிறார். பிராங்ஸ் பிள்ளைகள் ரெக்கேக்கு ஆடவில்லை, அதனால் ஃபங்க்குக்கு மாறினேன் என்பது அவர் தரப்பு. இதில் ஒரு சுற்றும் உண்டு: அந்த ஜமைக்கா டோஸ்டிங் கலைஞர்களே அமெரிக்கத் தென்பகுதி வானொலிகளின் சந்தப் பேச்சைக் கடல் தாண்டிக் கேட்டு வளர்ந்தவர்கள்.

ராப்பும் ஹிப் ஹாப்பும் ஒன்றா?

ராப் என்பது தாளத்தோடு சொல் சொல்வது. ஹிப் ஹாப் அதைவிடப் பெரியது: டிஜே, எம்சி, பிரேக் நடனம், சுவர் எழுத்தோவியம் என நான்கு உறுப்புகளை வழக்கமாகச் சொல்வார்கள். முதலில் வந்தவர் டிஜே. எம்சி அவருக்கு உதவியாளராக இருந்தார்.

பெண்கள் எங்கே இருந்தார்கள்?

தொடக்கத்திலேயே இருந்தார்கள், பெயர்கள்தான் விடுபட்டன. அந்த முதல் விருந்தை நடத்தியவர் சிண்டி. ஃபங்கி ஃபோர் பிளஸ் ஒன் குழுவின் எம்சி ஷா ராக், ஆண்களோடு சரிநிகராக ஒலிவாங்கி பிடித்தவர். 1981இல் அந்தக் குழு அமெரிக்காவின் பிரபல சனிக்கிழமை இரவுத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றியது. தேசியத் தொலைக்காட்சியில் ஹிப் ஹாப் குழு ஒன்று வந்தது அதுவே முதல்முறை. ராப்பை முதலில் பெரும் வணிகமாக்கியவரும் சில்வியா ராபின்சன் என்ற பெண்தான்.

முதல் ராப் பாடல் எது?

புகழ்பெற்றது 1979இல் வந்த சுகர்ஹில் கேங் குழுவின் ‘ராப்பர்ஸ் டிலைட்’. அதற்குச் சற்று முன்பே ஃபேட்பேக் பேண்ட் ஒரு ராப் பாடலை வெளியிட்டிருந்தது. ‘ராப்பர்ஸ் டிலைட்’ பதிவானது பிராங்ஸில் அல்ல, ஆற்றுக்கு அப்பால் நியூஜெர்சியில். சில்வியா ராபின்சன் அங்கே மூன்று இளைஞர்களைச் சேர்த்து, ஷீக் குழுவின் ‘குட் டைம்ஸ்’ பாட்டின் பேஸ் கிட்டார் வரியை வேறு கலைஞர்களைக் கொண்டு வாசிக்க வைத்துப் பதிவு செய்தார். ஷீக்கின் நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் வழக்கு என்று எச்சரித்த பிறகு பாட்டாசிரியர் பட்டியலில் அவர்கள் பெயர் சேர்ந்தது.

ஆனால் பெயர் சேராத ஒருவர் இருக்கிறார். மூவரில் ஒருவரான பிக் பேங்க் ஹாங்க், பிராங்ஸின் கிராண்ட்மாஸ்டர் கேஸ் எழுதிய வரிகளைச் சொன்னார். கேஸ் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் வரியில் தன் புனைபெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லியிருந்தார். அதைக்கூட மாற்றாமல் அப்படியே பாடிவிட்டார்கள். உலகமெங்கும் ஒலித்த பாட்டில் கேஸின் பெயர் இருக்கிறது, அவருக்கு உரிய தொகை மட்டும் வரவில்லை. இது எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

ராப் எப்போது வாழ்க்கைத் துயரைப் பேச ஆரம்பித்தது?

1982இல் வந்த ‘தி மெசேஜ்’ திருப்புமுனை. கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷின் பெயரில் வெளிவந்தாலும், எழுதிச் சொன்னவர்கள் எட் ஃபிளெட்சரும் மெல்லி மெல்லும். கொண்டாட்டப் பாட்டு மட்டுமே விலைபோகும் என்ற எண்ணத்தை அது உடைத்தது.

மின்னணு இசையோடு ஹிப் ஹாப் எப்போது கலந்தது?

அதே 1982. பிராங்ஸ் டிஜே ஆஃப்ரிகா பம்பாட்டாவும் அவருடைய சோல் சோனிக் ஃபோர்ஸ் குழுவும் வெளியிட்ட ‘பிளானட் ராக்’ பாட்டில், ஜெர்மனியின் டூசல்டார்ஃப் நகரத்துக் கிராஃப்ட்வெர்க் குழுவின் இரண்டு பாடல்கள் உயிரோடிருக்கின்றன. ஒன்றின் மெட்டு, இன்னொன்றின் தாளம். தயாரிப்பாளர் ஆர்தர் பேக்கரும் ஜான் ரோபியும் அவற்றைப் புதிதாக வாசித்துப் பதிந்தார்கள். தாளம் தந்தது ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980இல் விற்பனைக்கு விட்ட டிஆர்-808 என்ற தாள இயந்திரம். உண்மையான டிரம்ஸ் போல ஒலிக்கவில்லை என்று அது எடுபடாமல் போய், 1983இல் தயாரிப்பே நின்றது. பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைத்ததால் பணமில்லாத இளைஞர்கள் கையில் சேர்ந்தது. இன்று எந்த நாட்டு ராப்பைப் போட்டாலும் அந்த ஆழமான ‘தொம்’ கேட்கும்.

சாம்பிளிங் என்பது திருட்டு இல்லையா?

சாம்பிளிங் என்றால் ஏற்கெனவே பதிவான ஒலித்துண்டை வெட்டி எடுத்துப் புதுப் பாட்டில் பயன்படுத்துவது. ஹெர்க் கையால் செய்ததை 1980களின் பிற்பாதியில் இயந்திரங்கள் செய்தன. 1987இல் வந்த எஸ்பி-1200 இயந்திரத்தில் மொத்தம் பத்து விநாடி ஒலியைத்தான் சேமிக்க முடியும். அதனால் நிமிடத்துக்கு 33 சுற்று ஓட வேண்டிய தட்டை 45 சுற்று வேகத்தில் ஓட்டிப் பதிந்து, பிறகு இயந்திரத்தில் மெதுவாக்கினார்கள். அந்தக் கால ஹிப் ஹாப்பின் கரகரப்புக்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம்.

என் பதில்: கலை என்ற முறையில் அது திருட்டல்ல, கூலி என்ற முறையில் பலமுறை திருட்டாகவே இருந்திருக்கிறது. வாஷிங்டனைச் சேர்ந்த தி வின்ஸ்டன்ஸ் குழு 1969இல் பதிந்த ‘ஆமென், பிரதர்’ பாட்டில் கிரெகரி கோல்மன் ஏழு விநாடிக்கும் குறைவாகத் தனியாக டிரம்ஸ் வாசிக்கிறார். ஹிப் ஹாப்பில் ஆயிரக்கணக்கான பாடல்களில் அது வந்தது. லண்டனில் அதை வேகமாக்கித் துண்டாடியபோது ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்ற இசை வகைகளே உருவாயின. கோல்மன் 2006இல் வறுமையில் இறந்தார். அந்த விநாடிகளுக்காக அவருக்கு ஒரு காசும் வந்ததில்லை. குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015இல் ரசிகர்கள் இணையத்தில் திரட்டிய 24,000 பவுண்டு கிடைத்தது.

சட்டம் வந்தபோது அது வேறு திசையில் பாய்ந்தது. 1991இல் பிஸ் மார்க்கி என்ற ராப் கலைஞர் மீதான வழக்கில், ‘திருடாதே’ என்ற பைபிள் கட்டளையோடு நீதிபதி தீர்ப்பைத் தொடங்கினார். அதன்பின் ஒவ்வொரு துண்டுக்கும் முன் அனுமதி தேவை என்ற நிலை வந்தது. ஒரே பாட்டில் இருபது துண்டுகளைக் கோக்கும் அடர்த்தியான பாணி பணக்காரர்களுக்கு மட்டும் எட்டுவதாயிற்று. டிரம்ஸ் கலைஞர்களுக்கோ பெரும்பாலும் ஒன்றும் வரவில்லை, ஏனெனில் உரிமை, பாட்டை எழுதியவருக்கும் தட்டு நிறுவனத்துக்கும்தான்.

ஜாஸ் இதில் எப்படி வந்தது?

பெற்றோரின் தட்டு அலமாரி வழியாக. 1991இல் எ டிரைப் கால்ட் குவெஸ்ட் குழு தன் ‘தி லோ எண்ட் தியரி’ தொகுப்பில், ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸுடன் வாசித்த ரான் கார்ட்டரையே அழைத்து ஒரு பாட்டுக்கு டபுள் பேஸ் வாசிக்க வைத்தது. ஜாஸ் பக்கத்திலிருந்தும் ஒருவர் முன்பே வந்திருந்தார்: ஹெர்பி ஹான்காக்கின் 1983 ‘ராக்கிட்’ பாட்டில் ஸ்கிராட்ச்தான் முன்னணி வாத்தியம். 2015இல் கென்ட்ரிக் லமாரின் ‘டு பிம்ப் எ பட்டர்ஃபிளை’ தொகுப்பில் காமசி வாஷிங்டன், தண்டர்கேட், ராபர்ட் கிளாஸ்பர் ஆகிய ஜாஸ் கலைஞர்கள் வாசித்தார்கள். அந்தத் தொகுப்பின் வழியாக ஜாஸுக்குள் நுழைந்த இளைஞர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

இவ்வளவு கலந்தது என்றால், இசை வகைகள் என்ற பிரிவுகள் ஏன் இன்னும் இருக்கின்றன?

கடை அடுக்குக்காகவும் வானொலிக்காகவும். அமெரிக்காவில் அதற்குள் நிறவெறியும் இருக்கிறது. 1920களில் தட்டு நிறுவனங்கள் கறுப்பினத்தவர் பாடல்களை ஒரு வரிசையிலும், தென்பகுதி வெள்ளையர் பாடல்களை வேறு வரிசையிலும் விற்றன. பாடியவர்கள் ஒருவரையொருவர் கேட்டு, ஒரே பாட்டுகளை வாசித்துக்கொண்டிருந்தார்கள். பிரித்தது விற்பனைப் பட்டியல்.

அந்தக் கோடு அழிந்துவிடவில்லை. 2019இல் லில் நாஸ் எக்ஸ் என்ற கறுப்பின இளைஞரின் ‘ஓல்ட் டவுன் ரோட்’ பாட்டை பில்போர்ட் நிறுவனம், தென்பகுதி வெள்ளையர் இசையாக அறியப்படும் கன்ட்ரி இசைக்கான தன் பட்டியலிலிருந்து நீக்கியது. அதன் அடித்தாளத்தை நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு பதின்வயதுத் தயாரிப்பாளர், நைன் இன்ச் நெயில்ஸ் என்ற ராக் குழுவின் பாஞ்சோ துண்டிலிருந்து செய்திருந்தார். லில் நாஸ் எக்ஸ் அதை இணையத்தில் 30 டாலருக்கு வாங்கினார். பில்போர்டின் பொதுப் பட்டியலில் அது 19 வாரம் முதலிடத்தில் இருந்தது.

தமிழோடு தொடர்பு உண்டா?

உண்டு, பல திசைகளில். மலேசியாவில் யோகி பி 1990களிலேயே பொயட்டிக் அம்மோ குழுவில் ராப் செய்தவர். 2006இல் நட்சத்திரா குழுவோடு ‘வல்லவன்’ தொகுப்பை வெளியிட்டு, இளையராஜாவின் ‘மடை திறந்து’ பாட்டைத் தமிழ் ராப்பாக மாற்றினார். திரைப்படச் சார்பின்றித் தமிழ் ராப் நிற்கும் என்று பலருக்குக் காட்டியது அது. அமெரிக்காவின் பிளாக் ஐட் பீஸ் 2003இல் ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ படத்தின் இளையராஜா பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தார்கள். ஈழத்தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த லண்டன் கலைஞர் எம்.ஐ.ஏ., தாயின் பெயரிட்ட ‘கலா’ தொகுப்பில் (2007) உறுமி மேளத்தை முன்னே வைத்தார். அதில் உள்ள ‘பேப்பர் பிளேன்ஸ்’, தி கிளாஷ் என்ற பங்க் குழுவின் கிட்டார் துண்டின் மேல் நிற்கிறது. மறு ஆண்டே டி.ஐ., ஜே-ஸி முதலிய அமெரிக்க ராப் கலைஞர்கள் அந்தப் பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தார்கள்.

சென்னையில் 2018 ஜனவரியில் முதல் கச்சேரி நடத்திய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ், கானாவையும் ராப்பையும் ராக்கையும் சாதி எதிர்ப்புக் குரலில் இணைத்தது. அதிலிருந்து வந்த ராப் கலைஞர் அறிவு, 2021இல் பாடகி தீயுடன் பாடிய ‘என்ஜாய் எஞ்சாமி’யில் ஒப்பாரியையும் நிலமற்றவர்களின் நினைவையும் கொண்டுவந்தார். இவற்றை வெறும் மேற்கத்தியப் பாதிப்பு என்று சொல்வது தவறு. தன் தெருவின் ஒலியை எடுத்துத் தன் கதையைச் சொல் என்பதுதான் பிராங்ஸ் கற்றுத்தந்த முறை. இவர்கள் அதைத்தான் செய்தார்கள்.

புதிய கலப்பிசையை நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

வகையின் பெயரை வைத்துத் தேடாதீர்கள். பிடித்த ஒரு பாட்டிலிருந்து தொடங்கி, அதன் வேர்களையும் கிளைகளையும் பிடித்துக்கொண்டு போங்கள்.

எளிதான வழி சாம்பிளைப் பின்தொடர்வது. எந்தப் பாட்டில் எந்தத் துண்டு வருகிறது என்று ரசிகர்கள் தொகுத்த இணையதளங்கள் இருக்கின்றன. எ டிரைப் கால்ட் குவெஸ்ட் குழுவின் ‘கேன் ஐ கிக் இட்?’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பேஸ் வரி லூ ரீடின் 1972 ராக் பாட்டிலிருந்து வந்தது. டிரம்ஸோ ஆர்கன் கலைஞர் லானி ஸ்மித்தின் ஜாஸ் தட்டிலிருந்து. ஒரே பாட்டிலிருந்து இரண்டு கதவுகள். ஒன்றில் நுழைந்தால் நியூயார்க் ராக், மற்றதில் நுழைந்தால் ஹாமண்ட் ஆர்கன் முழங்கும் சோல் ஜாஸ். (அந்தப் பாட்டின் வருமானம் முழுவதும் லூ ரீடுக்கே போனதாகக் குழுவின் ஃபைஃப் டாக் சொல்லியிருக்கிறார்.)

அடுத்தது, பாடகரை விட்டுவிட்டு வாசித்தவரையும் தயாரித்தவரையும் பின்தொடர்வது. தொகுப்பின் பின்னட்டையில் சிறு எழுத்தில் இருக்கும் பெயர்களில்தான் புதையல். தண்டர்கேட் பேஸ் வாசித்த இடங்களை மட்டும் தேடினால் ராப், ஜாஸ், உலோக ராக் மூன்றிலும் போய் நிற்பீர்கள். மேட்லிப் என்ற தயாரிப்பாளரைத் தொடர்ந்தால், 2003இல் புளூ நோட் நிறுவனத்தின் ஜாஸ் சேமிப்பைக் குடைந்து அவர் செய்த தொகுப்புக்கும், இந்தித் திரையிசையை வெட்டிச் செய்த இன்னொன்றுக்கும் போவீர்கள்.

மூன்றாவது, ஊரைத் தேடுவது. புலம்பெயர்ந்தோர் நெருங்கி வாழும் துறைமுக நகரங்களில் இசை கலக்காமல் இருப்பதில்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் கரீபியக் குடும்பங்களின் சவுண்ட் சிஸ்டம் பழக்கமும் ஹிப் ஹாப்பும் பங்க்கும் சேர்ந்ததில் வைல்ட் பஞ்ச் கூட்டம் வந்தது. அதிலிருந்து மாசிவ் அட்டாக் 1991இல் ‘புளூ லைன்ஸ்’ தந்தது. கிழக்கு லண்டனில் கிரைம் (grime) என்ற ராப் வகை, புவெர்ட்டோ ரிக்கோவில் ஜமைக்காத் தாளத்தின் மேல் ஸ்பானிய ராப் ஏறிய ரெகெட்டோன். சிகாகோவில் பிறந்த டிரில் என்ற ராப் வகை லண்டனுக்குப் போய் உருமாறி, லண்டன் தயாரிப்பாளர் 808மெலோவின் கைவழியே புரூக்ளினின் பாப் ஸ்மோக்கிடம் திரும்பி வந்தது.

ஸ்ட்ரீமிங் செயலியே பரிந்துரை தருகிறதே, அது போதாதா?

உங்களுக்குப் பிடித்ததைப் போன்ற ஒன்றை அது தரும், அதில் தவறில்லை. ஆனால் ஹெர்க்குக்கு ஜேம்ஸ் பிரவுன் பிடிக்கும் என்று தெரிந்த எந்த இயந்திரமும் அவருக்கு ஓர் ஆங்கில ராக் குழுவின் தட்டை நீட்டியிருக்குமா என்பது சந்தேகம். செயலியைக் கேட்கப் பயன்படுத்துங்கள், தேடும் வேலையை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். 1986 முதல் 1991 வரை 25 பாகங்களாக வந்த ‘அல்டிமேட் பிரேக்ஸ் அண்ட் பீட்ஸ்’ என்ற தட்டு வரிசை, பிராங்ஸ் டிஜேக்கள் ஒளித்துவைத்திருந்த மூலப் பாடல்களைத் தொகுத்தது. அதன் பாடல் பட்டியலைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டால் பல மாதங்களுக்குக் கேட்க இருக்கிறது.

ஆங்கிலச் சொற்கள் வேகமாக வருகின்றன, புரியவில்லை. என்ன செய்வது?

முதல் கேட்பில் சொல்லை விட்டுவிட்டு டிரம்ஸையும் பேஸையும் மட்டும் கேளுங்கள். இரண்டாம் முறை வரிகளைத் திரையில் வைத்துக்கொண்டு படியுங்கள். எதுகை எங்கே விழுகிறது, மூச்சு எங்கே வாங்குகிறார் என்று பாருங்கள். தமிழில் சந்தம் கேட்டுப் பழகிய காதுக்கு அது சீக்கிரம் பிடிபடும்.

வீட்டில் பிள்ளைகளோடு கேட்கலாமா?

எல்லாவற்றையும் முடியாது. கொச்சையும் பெண்களை இழிவுபடுத்தும் வரிகளும் ஏராளமாக உண்டு. அதை மழுப்ப வேண்டியதில்லை. பெற்றோர் முன்கூட்டியே ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. ஜே டில்லா என்ற டெட்ராய்ட் தயாரிப்பாளர் இறப்பதற்கு மூன்று நாள் முன்பு, 2006 பிப்ரவரி 7 அன்று வெளியான ‘டோனட்ஸ்’ தொகுப்பில் ராப்பே இல்லை, முழுதும் சாம்பிள் இசை. பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத் துண்டுகள். வீட்டில் எல்லோரும் சேர்ந்து கேட்க முதலில் அதைத்தான் நான் சொல்வேன். பிறகு ‘அப்பாச்சி’யைப் போட்டு, பாங்கோ தொடங்கும் இடத்தில் பிள்ளைகளை ஆடவிடுங்கள்.